குருவம்மா வீட்டு மோர்

ஊர்க்குளத்தை வேலி போட்டு அடைத்தது தலைவர் தவசிலிங்கம்தான் என்று தாசில்தாரிடம் சொன்னாள் குருவம்மாள். உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக ஊர் அவளைத் தள்ளி வைத்தது. அவளுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. அவளிடம் எதுவும் வாங்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் தலைவர் காலில் விழுந்து, சொன்னதெல்லாம் பொய் என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஊரைவிட்டே போக வேண்டும்.

மடத்துச் சீடர் சடையாண்டிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து சத்தம் போட்டே பழகிய மனிதர். குரு பூரணத்தம்மாளைவிடப் பத்து வயது மூத்தவர்.

"குருவம்மாளுக்கு உறைமோர்கூட ஒருத்தரும் தரலை தாயே! பேசாம விழுந்துரவான்னு எங்கிட்ட கேக்கா. நாம என்ன செய்யப் போறோம்?"

குரு ஒரு தூக்குச்சட்டியை நீட்டினார்.

"அவகிட்ட உறைமோர் கேட்டு வாங்கிட்டு வாங்கண்ணே."

"காலிச் சட்டியா? நாமல்லா அவளுக்குக் கொடுக்கணும்?"

"அவகிட்ட ஒண்ணு கேட்டு யாராவது போய் எத்தனை நாளாச்சு?"

"இருபது நாளு."

"அப்ப கிளம்புங்க. வழியில யாருக்கும் பிரசங்கம் பண்ணாதீங்க."

குருவம்மாள் சட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கிட்டயா கேட்டு விட்டாங்க?" என்று சிரித்துவிட்டாள். உறை கிடைக்காமல், பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு அவளே தயிராக்கியிருந்தாள். தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லுங்க, புளிக்காது."

மாரியம்மனுக்குக் காப்பு அவிழ்த்த மறுநாள், வீட்டிலுள்ள பழைய மோரைக் கொட்டிவிட்டு மடத்தில் புது உறை வாங்குவது அந்த ஊர் வழக்கம். இந்த வருஷம் அது புதன்கிழமை வந்தது; பெண்கள் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். பானையைத் திறந்த குரு எதையும் மறைக்கவில்லை.

"குருவம்மா வீட்டு உறை. வேண்டாம்னா விட்டுருங்க."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஒரு கிண்ணம் நீண்டது. அப்புறம் எல்லாக் கிண்ணமும். முந்தானைக்குள் மறைத்துத்தான் கொண்டுபோனார்கள்.

"வாங்கத் தெரியுது, வாயைத் திறக்கத் தெரியலையே!" என்று பொருமினார் சடையாண்டி.

"உறை ஊத்திட்டுச் சட்டியை ஆட்டக் கூடாதுண்ணே."

வெள்ளிக்கிழமை குருவம்மாள் கோயில் முன்னால் வந்து நின்றாள். குனியவில்லை.

"இவ வீட்டு மோரை வாங்கியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் தலைவர். "யார் யாருன்னு சொல்லுங்க. அந்த வீட்டையும் தள்ளி வைக்கேன்."

"மடம் வாங்குச்சு" என்றார் குரு.

"மடம் சரி. வேற?"

சடையாண்டி வாயெடுத்தார். குரு அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"கேக்கேன்ல? எந்த வீடு?"

பெண்கள் பக்கத்திலிருந்து தலைவரின் மனைவி அங்கயற்கண்ணி எழுந்தாள்.

"நம்ம வீடுதான். ரெண்டு கரண்டி வாங்கினேன்."