நெடுங்காதன் கொண்டுவந்த மாலை

இலந்தைக்காட்டில் நெடுங்காதன் என்று ஒரு முயல் இருந்தான். காது எவ்வளவு நீளமோ, வாயும் அவ்வளவு நீளம்.

அவனுடைய அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மிளகு மாதிரி கறுகறுவென்று கண்கள் அவளுக்கு. அதனால் பெயரே மிளகி. மாப்பிள்ளை ஓடைக்கரைத் துடுக்கன். ஐப்பசி மாதம், அந்தி சாயும் நேரத்தில் முகூர்த்தம்.

முயல்களுக்குத் தாலி கிடையாது. தாய்மாமன் கொண்டுவரும் மாலையைப் பெண் போட்டுக்கொள்வாள். மாப்பிள்ளை அந்த மாலையில் ஒரு பூவைக் கடித்து, மென்று, விழுங்க வேண்டும். விழுங்கினால் கல்யாணம் முடிந்தது. பூவைத் துப்பிவிட்டால் சம்பந்தம் முறிந்தது. அவ்வளவுதான் சட்டம்.

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். “மாலைக்கு என்ன பூ?”

நெடுங்காதன் சும்மா இருந்திருக்கலாம். “மல்லிகைதான்! சித்திரையில் மயில் வீட்டுக் கல்யாணத்தில் போட்டாங்களே, அதைவிடப் பெரிசா!” என்று மார்தட்டினான்.

மிளகி அவன் காதருகே வந்தாள். “மாமா, ஐப்பசியில் மல்லிகைக்கு எங்கே போவீங்க? நம்ம புதர் மேலே பீர்க்கங்கொடி படர்ந்திருக்கே. அந்தப் பூ எனக்கு ரொம்பப் பிடிக்கும்.”

“கறிக்காய்க் கொடியில் என் மருமகளுக்கு மாலையா? ஊர் சிரிக்கும்! போடி கழுதை!” என்றான் முயல்.

மறுநாளே தேடக் கிளம்பினான். மழையோ விடாமல் பிடித்துக்கொண்டது. மல்லிகைப் புதரில் வெறும் இலைதான் இருந்தது. அடியில் இருந்த தவளை, “சித்திரையில் வாங்க, கூடை நிறையத் தரோம்!” என்று கத்தியது. தும்பைப் பூ கண்ணில் பட்டது. ‘பொடிப் பூ, மாலை கட்டினால் நூல்தான் தெரியும்’ என்று தள்ளினான். கனகாம்பரம் கண்ணில் பட்டது. ‘வாசனை இல்லை’ என்று நகர்ந்தான். வேலியோரம் செங்காந்தள் தீப்பிடித்த மாதிரி பூத்திருந்தது. கிட்டே போனவன் சட்டென்று பின்வாங்கினான். அது விஷம்! மாப்பிள்ளை விழுங்கினால் கல்யாணம் முடியாது, மாப்பிள்ளைதான் முடிந்துபோவான்.

கல்யாண நாளும் வந்துவிட்டது. மத்தியானம் நெடுங்காதன் அதே பீர்க்கங்கொடியின் அடியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். மேலே கொடி முழுக்க மொட்டு. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. “என்ன மாமா, காது ரெண்டும் தொங்கிப்போச்சு?”

“மல்லிகை கிடைக்கலை. மானம் போகப்போகுது!”

“மல்லிகைதானே! சாலையோரக் கடைக்குப் பின்னால் ஒரு மாலை கிடக்கு. வெள்ளைவெளேர்! வாடாது, அழுகாது. கொண்டுவந்தா என்ன தருவீங்க?”

“பந்தியில் முதல் இலை உனக்கு!”

காக்கை ஒரு வட்டம் போய், மாலையைக் கொண்டுவந்து போட்டது. நெடுங்காதன் முகர்ந்து பார்த்தான். “வாசனையே இல்லையே?”

“சளி பிடிச்ச மூக்குக்கு வாசனை எப்படித் தெரியும்?”

நெடுங்காதன் ஒரு தும்மல் போட்டான். அது சொல்வதும் சரிதான் என்று பட்டது. ஒரு பூவைக் கடித்துப் பார்த்துவிடலாமா என்று மனசு அரித்தது. ‘வேண்டாம், மாலையில் ஒரு பூ குறைந்துவிடும்’ என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டான்.

அந்தி நேரம். அதே பீர்க்கங்கொடியின் அடியில்தான் கல்யாணக் கூட்டம் கூடியது. மழை விட்டிருந்தது. மாலையைப் பார்த்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. “ஐப்பசியில் மல்லிகை! தாய்மாமன்னா இப்படி இருக்கணும்!” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. நெடுங்காதனின் காதுகள் விறைத்து நின்றன.

துடுக்கன் ஒரு பூவைக் கடித்தான். மென்றான். இன்னும் மென்றான். கெட்டிமேளம் கொட்டக் கழுத்தைத் தூக்கிய மரங்கொத்தி தூக்கியபடியே நின்றது.

“விழுங்கேன்டா!”

“முடியலம்மா! பாம்புச் சட்டையைக் கடிச்ச மாதிரி இருக்கு!”

“பெண் வீட்டில் நம்மைக் கேலி பண்றாங்களா? துப்பிட்டுக் கிளம்பு!”

“மாட்டேன்! துப்பினா மிளகி எனக்கு இல்லைன்னு ஆயிடும்!” கன்னம் உப்ப, கண்ணில் நீர் வழிய, துடுக்கன் மென்றுகொண்டே இருந்தான். மிளகியின் மீசை நடுங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா நெடுங்காதன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க! அது மல்லிகைப் பூதானே?”

ஆமாம் என்றால் அவன் மானம் தப்பும். ஆனால் மிளகியின் கல்யாணம் முறிந்துபோகும். நெடுங்காதன் மருமகளைப் பார்த்தான். விறைத்திருந்த காதுகள் மெல்லச் சரிந்தன.

“இல்லீங்க. அது பூவே இல்லை. குப்பையில் கிடந்த பொய் மாலை. எல்லாம் என் வாய்க்கொழுப்பு! பூவைத் துப்பினால்தானே சம்பந்தம் முறியும்? இது பூ இல்லையே! துப்புங்க மாப்பிள்ளை, நல்லாத் துப்புங்க!”

தூ! அது போய்ப் பாறையில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “சரி, மாலைக்கு என்ன பண்ணப்போறீங்க?”

நெடுங்காதன் நிமிர்ந்து பார்த்தான். பீர்க்கம்பூ அந்தியில்தான் விரியும். மத்தியானம் இருந்த மொட்டெல்லாம் இப்போது மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது! அவன் தாவினான். எட்டவில்லை. மறுபடி தாவிப் பொத்தென்று விழுந்தான்.

“ஐயோ, என் முதல் இலை!” என்று கத்திக்கொண்டே காக்கை பறந்துபோய்ப் பூக்களைக் கொத்திக் கொத்திப் போட்டது. கொடியின் சுருளையே நாராக்கி நெடுங்காதன் மாலை கட்டினான்.

துடுக்கன் ஒரு பூவைக் கடித்தான். ஒரே விழுங்கு! மரங்கொத்தி கொட்டித் தீர்த்தது. துடுக்கனோ நிறுத்தவில்லை. இரண்டாவது பூ, மூன்றாவது பூ! மிளகியும் தன் மாலையில் தானே ஒன்றைக் கடித்தாள். “எனக்கொண்ணு!” என்று மாப்பிள்ளையின் அம்மாவும் வந்தாள். பந்தி தொடங்கும்போது மிளகியின் கழுத்தில் வெறும் கொடிதான் மிச்சம்.

சொன்னபடி முதல் இலை காக்கைக்கு. அதில் நெடுங்காதன் அந்த வெள்ளை மாலையை வைத்தான். “சாப்பிடு தம்பி! வாடாது, அழுகாது!”

காக்கை திருதிருவென்று விழித்தது. சபையே சிரித்து அடங்கிய பிறகுதான் சோறு விழுந்தது.

ஊர் மெச்ச வேண்டும் என்று இல்லாததைத் தேடிப் போலியிடம் ஏமாறுவதைவிட, அந்தந்தப் பருவம் நம் தலைக்கு மேலேயே பூத்துத் தருவதை மனமார எடுத்துக்கொள்வதே மேல்.