செவ்வாய்க்கிழமை வாசகர்கள்

உமையாள் எழுதியதைப் படித்துவிட்டுப் புத்தகக் கடைக்குப் போகிறவர்கள் திருச்சியில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் அவருடையது. படித்தவற்றில் எது நல்லது என்று அதில் சொல்வார். நாவல், வரலாறு, துப்பறியும் கதை, எறும்புகளைப் பற்றிய ஆராய்ச்சி, சிறுவர் பாடல், பேய்க்கதை என்று எதுவாகவும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்வார். பெரிய புத்தகத்துக்காகக் குரலை உயர்த்த மாட்டார். சின்னப் புத்தகத்துக்காகக் குனியவும் மாட்டார்.

பேராசிரியர் நல்லசிவத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நல்லசிவம் கல்லூரியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். உமையாளைவிடப் பல வயது மூத்தவர். அவர் வீட்டில் சுவர் தெரியாது, புத்தகம்தான் தெரியும். எது முதல் தரம், எது இரண்டாம் தரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உமையாள் ஒரு தத்துவ நூலையும் ஓர் ஊறுகாய்ப் புத்தகத்தையும் அடுத்தடுத்துப் பரிந்துரைத்திருந்தார். ‘இரண்டையும் மெதுவாகப் படியுங்கள்’ என்று வேறு எழுதியிருந்தார். நல்லசிவம் பத்திரிகையை நாலாக மடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே உமையாள் வீட்டுக்குப் போய்விட்டார்.

“உங்களுக்குப் பிடிக்காத புத்தகமே கிடையாதாம்மா?” என்று வாசலிலேயே கேட்டார்.

“இருக்கே. உள்ள வாங்க சார், காட்டுறேன்.”

உள்ளறையில் தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் புத்தகங்கள் அடுக்கு அடுக்காகக் கிடந்தன.

“இதெல்லாம் முழுசாப் படிச்சிட்டு, எழுதாம விட்டது.”

நல்லசிவம் குனிந்து பார்த்தார். பேய்க்கதைகள் இருந்தன. சமையல் புத்தகங்கள் இருந்தன. முதல் தரம் என்று அவரே மேடையில் புகழ்ந்த நாவல்கள் சிலவும் அதே அடுக்கில் இருந்தன.

“அப்போ எழுதினது?”

உமையாள் கதவோரம் இருந்த அலமாரியைக் காட்டினார். இடுப்பளவு உயரம். அதிலும் ஒரு தட்டு காலி.

நல்லசிவத்துக்குச் சண்டை போட வந்தது மறந்து போனது. இந்த அம்மா கையில் ஒரு சல்லடை இருக்கிறது, அதன் கண் என்ன அளவு என்றுதான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். உமையாள் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார். நல்லசிவம் படித்துவிட்டு வந்து கருத்துச் சொல்வார். உமையாள் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். தலை நரைத்த பேராசிரியர் ஒரு பத்திரிகைக்காரியிடம் பாடம் கேட்கப் போகிறார் என்று நண்பர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் அவரால் அடக்க முடியவில்லை.

“அம்மா, எதை வச்சு அளக்கிறீங்க? பேய்க்கதைக்கு ஒண்ணு, வரலாற்றுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வச்சிருக்கீங்களா?”

“இல்ல சார். எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

“அது என்னன்னு சொல்லக் கூடாதா?”

உமையாள் சற்று யோசித்தார்.

“செவ்வாய்க்கிழமை காலைல வேற வேலை இருக்கா?”

“இல்லை.”

“அப்போ என்கூட வாங்க.”

ஏதோ நூலகத்துக்குக் கூட்டிப் போகிறார் என்று நல்லசிவம் எண்ணினார். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, தோள்பையில் தனக்குப் பிடித்த நாவலையும் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆட்டோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

யாரையோ பார்க்க வந்திருக்கிறோம் போலிருக்கிறது என்று பின்னால் நடந்தார். உமையாள் ஒரு வார்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். எடை பார்க்கும் கருவியில் ஏறி இறங்கினார். ஜன்னலோரக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டு, ரவிக்கைக் கையை மேலே ஏற்றி இடது கையை நீட்டினார். அவர் எப்போதும் முழுக்கை ரவிக்கை போடுவது ஏன் என்று நல்லசிவத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய் கயிறு போலப் புடைத்திருந்தது. நர்ஸ் கஸ்தூரி அதில் இரண்டு தடித்த ஊசிகளை ஏற்றினாள். குழாய் சிவந்தது. உமையாளின் ரத்தம் வெளியே வந்து, பக்கத்து இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபடி அவருக்குள்ளேயே போனது.

நல்லசிவம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எப்போலேருந்தும்மா?”

“ஞாயித்துக்கிழமை பக்கம் எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. ரெண்டு கிட்னியும் போச்சு. செவ்வாயும் வெள்ளியும் இங்கதான். நாலு மணி நேரம் கையை அசைக்கக் கூடாது. நின்னுக்கிட்டே இருக்காதீங்க, உட்காருங்க சார்.”

அவர் உட்காரவில்லை. வார்டைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு ஓர் இயந்திரம், கட்டிலுக்கு ஓர் ஆள். அநேகமாக எல்லோரிடமும் ஒரு புத்தகம் இருந்தது. எல்லாம் அந்த இடுப்பளவு அலமாரியில் இருந்தவை.

எதிர்க் கட்டிலில் ரெஜினா மேரி என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒற்றைக் கையால் ஒரு பேய்க்கதையைப் பிடித்திருந்தார். நல்லசிவம் இரண்டு பக்கத்தில் மூடி வைத்த புத்தகம் அது.

“டீச்சர், இது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“ரெண்டாவது தடவை படிக்கிறேன் சார்.”

“பயமா இல்லையா?”

“பயமா?” ரெஜினா மேரி புத்தகத்தை மார்பில் கவிழ்த்தார். “என் தங்கச்சி லூர்து இந்தப் பக்கத்துக் கட்டில்லதான் படுத்திருந்தா. அவளும் நானும் ஒரே நாள்ல வருவோம். போன வருஷம் போயிட்டா. பெரிய பெரிய புத்தகத்துல எல்லாம் செத்தவங்க செத்தவங்கதான் சார். இதுல மட்டும்தான் கதவைத் தட்டிட்டு உள்ள வர்றாங்க.”

சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நல்லசிவம் அந்தப் பழைய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வரைந்திருந்த கதவு பாதி திறந்திருந்தது.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஜவுளிக்கடை வைத்திருந்த காசிம் பாய் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

“நார்த்தங்காயை அறுந்துவிடாமல் சுருள் சுருளாக நறுக்குங்கள். ஒவ்வொரு சுருளுக்குள்ளும் கல்லுப்பை அடையுங்கள்...”

வார்டு அடங்கியது. இயந்திரங்களின் ஓசை மட்டும் கேட்டது. கட்டிலுக்குக் கட்டில் தலைகள் மூலைப்பக்கம் திரும்பின. யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

“இவங்க இதெல்லாம் சாப்பிடலாமா?” நல்லசிவம் மெதுவாக நர்ஸிடம் கேட்டார்.

“ஊறுகாயா? தொடவே கூடாது சார். உப்புன்னு சொன்னாலே டாக்டர் திட்டுவார். தண்ணியே அளந்துதான் குடிக்கணும்.”

“அப்புறம் எதுக்கு...”

“வர்றப்பல்லாம் கேப்பாங்க. நிறுத்துனா என்னையத் திட்டுவாங்க.”

நல்லசிவம் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். வகுப்பறையில் எத்தனையோ காவியங்களை வாசித்திருக்கிறார். இப்படிக் கேட்டவர்களை அவர் பார்த்ததில்லை.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு பெண் தன் கணவனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தாள். ஆள் முகம் வீங்கி, மூச்சு இரைந்தது. கலியமூர்த்தி என்று பெயர். திருவிழாக்களுக்கு மைக்செட் போடுகிறவர். இரண்டு முறையாக வராமல் இருந்துவிட்டு, மனைவி தமயந்தி அழுது இழுத்துக்கொண்டு வந்ததால் வந்திருக்கிறார். கட்டிலில் படுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கையை மார்புக்குள் மடக்கிக்கொண்டார்.

“கையக் குடுங்கண்ணே,” என்றாள் கஸ்தூரி.

“வேணாம்மா. போதும். எத்தனை நாளைக்கு இப்படி? விட்டுடு.”

“பிள்ளைங்க மூஞ்சியப் பாருங்க,” என்றாள் தமயந்தி.

உமையாள் நல்லசிவத்தைக் கூப்பிட்டார். “சார், அவருக்கு ஒரு புத்தகம் சொல்லுங்க.”

“நானா?”

“நீங்கதான். நிறையப் படிச்சவராச்சே.” அந்தக் குரலில் கேலி இல்லை.

நல்லசிவம் தோள்பையைத் திறந்து நாவலை எடுத்தார். கலியமூர்த்தியின் கட்டிலுக்குப் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “தம்பி, சாவைப் பத்தி இதைவிட ஆழமா யாரும் எழுதினதில்லை.”

கலியமூர்த்தி தலையை மட்டும் திருப்பினார். அட்டையைப் பார்த்தார். கோபம் எல்லாம் இல்லை.

“அதப்பத்தி எனக்கே தெரியும் சார்,” என்றார். “வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க.”

நல்லசிவம் வாயைத் திறந்தார். ஆயுள் முழுக்கப் படித்ததெல்லாம் உள்ளே முட்டி மோதிக்கொண்டு நின்றது. ஒன்றுகூட இந்த மனிதனை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. உமையாள் ஏதாவது உதவுவார் என்று திரும்பினார். உமையாள் கண்ணை மூடியிருந்தார்.

மூலையில் நார்த்தங்காயை மறுபடி முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்த காசிம் பாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கஸ்தூரி ஓடிப்போய்க் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள். வாசிப்பு பாதியில் நின்றது.

அந்த அமைதியில் கலியமூர்த்தி சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்த நார்த்தங்காய் என்ன ஆச்சு?”

நல்லசிவத்துக்கு முதலில் புரியவில்லை.

“பாய் வாசிச்சாரே. சுருளுக்குள்ள உப்ப அடைச்சாச்சு. அப்புறம்?”

காசிம் பாய் படுத்தபடியே புத்தகத்தை நீட்டினார். “நீங்க வாசிங்க சார். என்னால முடியல.”

நல்லசிவம் அதை வாங்கினார். பக்கத்தைக் கண்டுபிடித்தார். வாசிக்கத் தொடங்கினார்.

“காயை ஜாடியில் போட்டு மூடுங்கள். மூன்றாம் நாள் எடுத்து வெயிலில் பரப்புங்கள். மாலையில் அதே உப்பு நீரில் திரும்பப் போடுங்கள். மறுநாளும் வெயில். மறுநாளும் உப்பு நீர். அவசரப்படாதீர்கள். கசப்பை நீங்கள் எடுக்க முடியாது. அது தானாகத்தான் இறங்கும்.”

அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். அதே வரியை இன்னொரு தடவை மனதுக்குள் படித்தார். மெதுவாகப் படியுங்கள் என்று உமையாள் எழுதியிருந்தது சும்மா இல்லை.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் ரெஜினா மேரி. “ஓமம் போடச் சொல்லலையா?”

“இல்லையே டீச்சர்.”

“ஓமம் இல்லாம என்ன நார்த்தங்காய்?”

“ஓமம் போட்டா அது மருந்து டீச்சர், ஊறுகாய் இல்ல,” என்று மூலையிலிருந்து காசிம் பாய் ஈனக்குரலில் சொன்னார்.

“ஜாடியே தப்பு,” என்றார் கலியமூர்த்தி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மெல்ல இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“எங்கம்மா மண்பானையிலதான் போடும். வெள்ளைத் துணியால வாயக் கட்டி வைக்கும். கூரை மேல காயப் போட்டா காக்கா தூக்கிட்டுப் போயிரும்னு என்னைக் காவலுக்கு ஏத்திவிடும். சாயங்காலம் எண்ணிப் பாத்தா பாதி இருக்காது. காக்காயத் திட்டும்.”

“காக்கா எங்க இருந்துச்சு?” என்று கேட்டார் ரெஜினா மேரி.

“காக்காதான் இப்ப உங்க எதிர்க்கப் படுத்துக் கிடக்கே.”

தமயந்தி பொங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வார்டு முழுக்கச் சிரித்தது. ஊறுகாயை இனி நாக்கில் வைக்க முடியாத அத்தனை பேரும் ஓமத்துக்காகவும் பானைக்காகவும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். பானை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காகக் கலியமூர்த்தி மடக்கிய கையைப் பிரித்து விரித்தார்.

கஸ்தூரி வந்து அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். அவர் ஊசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“குத்தும்மா,” என்றார். பிறகு நல்லசிவத்திடம், “நீங்க மேல படிங்க சார்.”

நல்லசிவம் படித்தார். குழாய் சிவந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார். எழுத்துகள் கலங்கின. ஆனாலும் நிறுத்தவில்லை. நார்த்தங்காய் முடிந்து மாவடு வந்தது. மாவடு முடிந்து எலுமிச்சை வந்தது. எலுமிச்சை முடிவதற்குள் கலியமூர்த்தி தூங்கிப்போனார். மூச்சு சீராக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு உமையாளுக்கு ஊசிகளை எடுத்தார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. நல்லசிவம் பக்கத்தில் உட்காரத் துணியாமல் எதிரே நின்றார். கோயிலுக்குள் நிற்பவர் போல அவர் கைகள் தாமாகவே சேர்ந்திருந்தன.

நல்லசிவம் சொன்னார்: “முதல் தரமான புத்தகம்மா அது.”

உமையாள் பஞ்சை எடுத்து ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தார்.

“அதை நாம எப்படி சார் இன்னிக்கே சொல்றது?” என்றார். “வெள்ளிக்கிழமை கலியமூர்த்தி வரட்டும்.”