பெருமாயியின் பூனையும் பச்சை இறைச்சியும்

ஒரு காட்டில் பெருமாயி என்றொரு யானை இருந்தாள். உடம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு இளகிய மனம் அவளுக்கு. வழியில் எறும்புச் சாரை குறுக்கிட்டால்கூட, அது கடந்து போகும்வரை காலைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு மழைக்காலத்தில், தேன் எடுக்க வந்திருந்த மனிதர்கள் ஆற்றில் வெள்ளம் ஏறுவதைக் கண்டு, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். போகிற வேகத்தில், தாங்கள் வளர்த்த பூனைக்குட்டியை மறந்துவிட்டார்கள். மழை விட்டபின் அந்தப் பக்கம் வந்த பெருமாயி, அணைந்துபோன அடுப்புக் கற்களுக்கு நடுவில் அது நனைந்து நடுங்குவதைப் பார்த்தாள். சாம்பல் நிற உடம்பில் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தன.

"யார் கண்ணே நீ?" என்று கேட்டாள்.

"பசிக்கிறது" என்றது குட்டி.

அதற்குமேல் பெருமாயி ஒன்றும் கேட்கவில்லை. குட்டியைத் தும்பிக்கையால் அள்ளி முதுகில் வைத்துக்கொண்டாள். மிளகு என்று பெயரும் வைத்துவிட்டாள்.

பெயர் வைப்பது எளிது. சோறு வைப்பதுதான் கடினம். மூங்கில் குருத்தைக் கொடுத்தாள். மிளகு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்திப்பழம் கொடுத்தாள். அதைக் காலால் உருட்டி விளையாடியது.

"அந்த மனிதர்களிடம் நீ என்னதான் தின்றாய்?"

"வேகவைத்த மீன், அம்மா."

அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் பெருமாயியின் காதுகள் இரண்டும் தாமாகவே ஆடின. நேரே ஆற்றுக்குப் போனாள். அங்கே ஒரு நீர்நாய் இருந்தது. விடிந்தால் விளையாட்டு, அடைந்தால் விளையாட்டு என்று இருக்கும் பிராணி அது.

"இதற்கா இவ்வளவு கவலை, அக்கா? மீன் பிடிப்பது எனக்கு விளையாட்டு" என்று சொல்லிக்கொண்டே நீர்நாய் மூழ்கி, துள்ளும் மீன் ஒன்றோடு வெளியே வந்தது.

மலையடிவாரத்தில் கொதிக்கக் கொதிக்கப் பொங்கும் வெந்நீர் ஊற்று ஒன்று இருந்தது. பெருமாயி மீனைக் காட்டு வாழையிலையில் பொதிந்து, கொடியால் கட்டி, ஊற்றில் இறக்கினாள். சதை வெளுத்ததும் தூக்கி, ஊதி ஊதி ஆறவைத்தாள். நீர்நாய் முள்ளை எடுத்துப் போட்டது. மிளகு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, இலையையும் சேர்த்து நக்கியது.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. ஒரே ஒரு சங்கடம்தான். பெருமாயி இலை தழை தின்னும் பிறவி அல்லவா? மீனானாலும் இறைச்சியானாலும், நல்லதானாலும் கெட்டதானாலும், அவளுக்கு எல்லாம் ஒரே நாற்றம். தும்பிக்கை நுனியை மடக்கி, மூச்சை அடக்கிக்கொண்டுதான் தினமும் சமைத்தாள். ஆனாலும் மிளகு கொழுகொழுவென்று வளர்ந்தது. பெருமாயிக்கு அது போதும்.

அந்தக் காட்டில் ஒரு நரியும் இருந்தது. பலாப்பழம் என்றால் அதற்கு உயிர். பழமோ மரத்தில்; நரியோ தரையில். பெருமாயி தும்பிக்கையை நீட்டிப் பலாப்பழம் பறிப்பதை அது பல நாள் எச்சில் ஒழுகப் பார்த்திருக்கிறது. ஒரு நாள் அவள் பூனைக்கு மீன் ஊட்டும் நேரம் பார்த்து வந்து நின்றது.

"பெருமாயி அக்கா, இது என்ன அநியாயம்?"

"என்ன தம்பி அநியாயம்?"

"புலி யார்? பூனைக்குப் பெரியப்பா. சிறுத்தை யார்? சித்தப்பா. அப்படிப்பட்ட குலத்தில் பிறந்த பிள்ளைக்கு அவித்த மீனா? காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல் ஊட்டுகிறீர்களே! புலி ஊற்றில் இறைச்சி அவித்து நீங்கள் பார்த்ததுண்டா?"

"பார்த்ததில்லை" என்றாள் பெருமாயி மெதுவாக.

"பச்சை இறைச்சி தின்றால்தான் பல் உறுதிப்படும், உறுமல் வரும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு எலி வந்து இதன் காதைக் கடித்துவிட்டுப் போகும். ஊர் சிரிக்கும். வளர்த்தவளைத்தான் குறை சொல்லும்."

பெருமாயிக்குச் சுருக்கென்றது. தெரியாத்தனமாகப் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தாள். "இறைச்சிக்கு நான் எங்கே போவேன், தம்பி?"

"நான் எதற்கு இருக்கிறேன்? புலி அடித்த மானில் நல்ல பங்காகப் பார்த்துக் கொண்டுவருகிறேன். பிரதியாக ஒன்றும் வேண்டாம். உங்களுக்கே மனம் கேட்காவிட்டால், அதோ அந்தப் பலாப்பழத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிவிடுங்கள்."

அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போய், இனி மீன் வேண்டாம் என்று நீர்நாயிடம் சொன்னாள் பெருமாயி.

"ஏன் அக்கா? நன்றாகத்தானே வளர்கிறது?"

"நீ விளையாட்டுப் பிள்ளை. குலப்பெருமையெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது?"

நீர்நாயின் முகம் வாடிவிட்டது. தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டது.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. நரி கொண்டுவந்த துண்டை மிளகு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்த தும்பிக்கையைப் பார்த்து உர்ரென்றது.

"கேட்டீர்களா உறுமலை!" என்றது நரி.

பெருமாயி பூரித்துப்போய், பெரிய பழமாகப் பார்த்துப் பறித்துப் போட்டாள்.

பிறகு வெயில் காலம் வந்தது. நரிக்குச் சோம்பலும் வந்தது. நல்ல இறைச்சியைத் தானே தின்றுவிட்டு, வெயிலில் கிடந்து நிறம் மாறியதைப் பூனைக்கு இழுத்துவந்தது. எப்படி இருந்தால் என்ன, யானைக்குத் தெரியவா போகிறது? அது நினைத்ததுபோலவே, பெருமாயி மூச்சை அடக்கிக்கொண்டு, ஈக்களைக் காதால் விசிறிவிட்டு, அதை மிளகின் முன் வைத்தாள்.

ஒரு நாள் காலையில் மிளகு எழுந்திருக்கவில்லை.

வழக்கமாக விடிந்ததும் பெருமாயியின் தும்பிக்கை வழியே ஏறி நெற்றியில் போய் உட்காரும் குட்டி, புல்லில் சுருண்டு கிடந்தது. வாந்தி எடுத்திருந்தது. மூக்கு அனலாய்க் கொதித்தது.

"அம்மா, வயிறு வலிக்கிறது" என்று முனகியது.

பெருமாயி தும்பிக்கையால் அதன் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். அந்த நேரத்தில் நரி வந்து எட்டிப் பார்த்தது.

"பயப்படாதீர்கள், அக்கா. இத்தனை நாள் அவித்ததையே தின்ற வயிறு அல்லவா? பழகும்வரை அப்படித்தான் இருக்கும். இன்னும் பெரிய துண்டாகக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடியது.

பெருமாயியின் மனம் ஆறவில்லை. 'புலிக்குலம் புலிக்குலம் என்கிறானே, அந்தப் புலியிடமே கேட்டால் என்ன?' என்று தோன்றியது. புலியிடம் யாரும் வலியப் போவதில்லை. ஆனால் அவளுக்கு அப்போது பயப்பட நேரமில்லை. மிளகை நிழலில் கிடத்தி, இலைகளால் மூடிவிட்டு நடந்தாள்.

புலி மடுவில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது. அதற்கு எப்போதும் தன்னைப் பற்றிய கர்வம்.

"புலியாரே, உங்கள் குலத்துப் பிள்ளை ஒன்று பச்சை இறைச்சி தின்று படுத்துக் கிடக்கிறது. இன்னும் கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டாள் பெருமாயி.

"என் குலமா? யார் அது?"

"ஒரு பூனைக்குட்டி."

புலியின் மீசை துடித்தது. "மீசை வைத்தவனெல்லாம் புலி என்றால், இந்தக் காட்டில் எலியும் புலிதான்! சரி, எந்த இறைச்சியைத் தின்றது?"

"நீங்கள் அடித்த மானின் இறைச்சிதான். பாறைச் சரிவில் கிடந்தது என்று நரி கொண்டுவந்தது."

"சீ!" என்று புலி மூக்கைச் சுருக்கிக்கொண்டது. "அது போன வாரத்து மான். புழு வைத்துவிட்டது. அதை நானே திரும்பிப் பார்ப்பதில்லை. அடித்த சூட்டோடு தின்கிறவன் நான். என் வயிற்றுக்கே ஆகாதது, என் பாதத்தின் அளவுகூட இல்லாத குட்டியின் வயிற்றுக்கு ஆகுமா? நீ அதற்கு முன்பு என்ன கொடுத்தாய்?"

"அவித்த மீன்."

"ஒத்துக்கொண்டதா?"

"ஒத்துக்கொண்டது."

"பிறகு ஏன் மாற்றினாய்?"

பெருமாயி திரும்பி ஓடினாள். அவள் ஓடிய ஓட்டத்தில் மரத்திலிருந்த கிளிகளெல்லாம் கலைந்து பறந்தன.

வந்து பார்த்தால், நரி ஒரு பெரிய துண்டை மிளகின் வாயருகே தள்ளிக்கொண்டிருந்தது. மிளகு கண்ணை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, நல்ல துண்டு. பிள்ளைதான் தின்ன மாட்டேன் என்கிறது."

பெருமாயி மூச்சு வாங்க நின்றாள். கோபம் தலைக்கேறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"வெயிலில் களைத்து வந்திருக்கிறாய், தம்பி. முதலில் நீ ஒரு வாய் தின்னு. அதைப் பார்த்தால் பிள்ளையும் தின்னும்."

"நானா?" நரி இறைச்சியைப் பார்த்தது, பின்னால் ஓர் அடி வைத்தது. "எனக்கு... எனக்கு இன்று விரதம், அக்கா."

"விரதமா? அப்படியானால் இன்று பலாப்பழமும் வேண்டாம், அப்படித்தானே?"

"இல்லை இல்லை, விரதத்தில் பழம் தின்னலாம்..."

பெருமாயி பிளிறினாள். இளகிய மனசுக்காரி அப்படிப் பிளிறியதை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு ஓடிய நரி, மலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றது. அதன் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

அழுகிய துண்டைக் கட்டையால் தள்ளிக் குழியில் போட்டு மூடினாள் பெருமாயி. தும்பிக்கையில் குளிர்ந்த தண்ணீரை முகந்துவந்து, மிளகின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதலில் அது வெளியே வழிந்தது. பிறகு கொஞ்சம் உள்ளே போயிற்று. பக்கத்தில் இருந்த அருகம்புல்லை மிளகு தானே கடித்து மென்று, வயிற்றில் கிடந்ததையெல்லாம் கக்கியது. பெருமாயி நகராமல் நின்று, உச்சி வெயில் படாமல் தன் உடம்பால் நிழல் கொடுத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் மிளகின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அனல் குறைந்திருந்தது. உடனே ஆற்றுக்குப் போனாள். நீர்நாய் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, தப்பு என்மேல்தான். ஒரு மீன் வேண்டும்."

"குலப்பெருமை என்ன ஆயிற்று, அக்கா?"

"வாந்தியோடு போய்விட்டது."

நீர்நாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மூழ்கியது.

அன்றைக்கு மீனைத் தரவில்லை பெருமாயி. மீன் வெந்தபோது இலைப் பொதிக்குள் ஊறிய சாற்றை மட்டும் ஆறவைத்து, இலையைக் குழித்து ஊற்றி வைத்தாள். மிளகு தலையைத் தூக்கியது. முகர்ந்தது. நாக்கை ஒருமுறை நீட்டியது, மறுபடியும் நீட்டியது. பெருமாயியும் நீர்நாயும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலை காலியானது. மிளகு நிமிர்ந்து பார்த்தது.

"இன்னும்" என்றது.

பெருமாயி இருந்த இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த அதிர்வில் பக்கத்து நாவல் மரத்துப் பழங்களெல்லாம் பொலபொலவென்று அவள் தலையிலேயே உதிர்ந்தன. நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டு புரண்டு சிரித்தது. பெருமாயியும் சிரித்தாள், சிரிக்கும்போதே அவள் கண்ணில் நீர் வழிந்தது.

நீதி: ஊட்டும்போது குலத்தைப் பார்க்காதே; வயிற்றைப் பார்.