தவசிக்கனி சனியைப் பார்த்த கதை

"என் மகளுக்குப் பொறுமை இல்ல டீச்சர். அதை எப்படி வரவைக்கிறது?" என்று கேட்டார் தவசிக்கனி.

கேட்ட இடம் பள்ளிக்கூட வாசல். நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ரெஜினா டீச்சர். தவசிக்கனியைவிடப் பத்து வயது இளையவர். மாதம் ஒருமுறை பள்ளி மைதானத்தில் டெலஸ்கோப் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறவர்.

தவசிக்கனிக்கு வாழைக்காய் மண்டி. வாழைத்தார் சுமந்து, லாரியில் படுத்துறங்கி, நாலு பேரிடம் ஏமாந்து, ஐந்தாவது ஆளிடம் ஏமாறாமல் மேலே வந்தவர். அவர் விலை பேச உட்கார்ந்தால் எதிரே இருப்பவன் முதலில் தண்ணீர் கேட்பான்.

கோபம் அதைவிடப் பெரிது.

"கனிஷ்கா அப்படி என்ன செய்யுறா?"

"பார்த்துட்டேன்னு சொல்லிட்டு ஓடிடுறா."

பிறகு முழுதாகச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளை சனிக்கிரகத்து வளையத்தைப் பார்க்கணும் என்று கேட்டது. மதுரைக்குப் போய், கடைக்காரன் அழாத குறையாகப் பேசி ஒரு டெலஸ்கோப்பை வாங்கினார். அதற்கு ஒரு பையையும் சும்மா பிடுங்கிக்கொண்டு வந்தார். மனைவி செல்வராணி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரே சனி பார்வை படக்கூடாது என்று எள் விளக்கு போடுகிறது, இந்த மனுஷன் காசைக் கொட்டிக்கொடுத்து நாமே போய்ப் பார்ப்போம் என்கிறாரே என்றாள்.

முதல் வாரம் பிள்ளை கொல்லைப்புறத்தை விட்டு நகரவில்லை. இப்போது வருகிறாள், கண்ணை வைக்கிறாள், "பார்த்துட்டேம்ப்பா" என்கிறாள், போய்விடுகிறாள். நேற்று கூப்பிட்டதற்கு வயிற்றுவலி என்றாளாம்.

"நான் விடியுமுன்ன மண்டிக்குப் போறவன். அவகூட இருக்கிறதே அந்தக் கொஞ்ச நேரந்தான் டீச்சர்."

லாரிக்காரனிடமும் இறங்காத குரல், அங்கே இறங்கியது.

"அவ பார்க்கும்போது நீங்க என்ன சொல்வீங்க?"

"நான் என்னத்தச் சொல்றேன்? முதல்ல நான் பார்த்து, சரியா வச்சுக் கொடுக்கிறேன். ஸ்டாண்டை இடிக்காத, கண்ணை நல்லாத் திற, தெரியுதா இல்லையா சொல்லு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுறதில்ல."

டீச்சர் தலையாட்டினார். "நாளைக்கு வர்றேன்."

எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டார் தவசிக்கனி. ஒன்றும் வேண்டாம் என்றார் டீச்சர்.

தவசிக்கனிக்கு உடனே சந்தேகம் வந்தது. ஒன்றும் வேண்டாம் என்கிறவனின் தாரைத் திருப்பிப் பார்க்காமல் அவர் எடுத்ததே இல்லை. ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சரி, ஒரு சீப்பு நேந்திரம் என்றார் டீச்சர். ரெண்டு என்றார் இவர். தான் கொடுக்க வேண்டியதை அவரே ஏற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் விளக்குப் போட்டதும் டீச்சர் வந்தார்.

கொல்லையில் முருங்கைக்கும் துணிக்கொடிக்கும் நடுவே டெலஸ்கோப் நின்றது. கனிஷ்காவைக் கூட்டிவந்தார்கள். "பார்த்துட்டேன்" என்று சொல்லத் தயாரான முகத்தோடு வந்தாள்.

"நீ அங்க உட்காரு," என்று ஒரு காலிப் பெட்டியைக் காட்டினார் டீச்சர். "இன்னைக்குப் பாடம் அப்பாவுக்கு."

கனிஷ்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டீச்சர் டெலஸ்கோப் குழாயைத் திருப்பினார். அதன் முன்பக்கம் போய் என்னவோ செய்தார். திரும்பி வந்து, பிள்ளை உட்காரும் முக்காலியில் தவசிக்கனியை உட்கார வைத்தார்.

"சனி சிக்கிட்டாரு. பாருங்க அண்ணாச்சி."

தவசிக்கனி கண்ணை வைத்தார். இருட்டு.

"ஸ்டாண்டை இடிக்காதீங்க."

டீச்சரின் ஒல்லியான உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அடுப்படியில் கரண்டி விழுந்தது.

"கண்ணை நல்லாத் திறங்க. அந்தக் கண்ணு இல்ல, இந்தக் கண்ணு. அசையாதீங்கன்னா அசையுறீங்க. எவ்வளவு கஷ்டப்பட்டு வச்சுக் கொடுத்திருக்கேன். தெரியுதா இல்லையா?"

தவசிக்கனிக்கு வேர்த்தது. செல்வராணி வாசற்படியில் வந்து நின்றாள். பக்கத்து மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"தெரியுதா இல்லையா, சொல்லுங்க."

"தெரியுது."

"வளையம்?"

"வளையமும் தெரியுது."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"வலது பக்கம்," என்றார் தவசிக்கனி. கொஞ்சம் யோசித்து, "லேசா," என்றும் சேர்த்துக்கொண்டார்.

கனிஷ்கா பெட்டியிலிருந்து இறங்கினாள். குழாயின் முன்பக்கம் போனாள். எக்கித் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, மூடியே எடுக்கலப்பா."

செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாடியில் இருந்த தலை காணாமல் போனது.

தவசிக்கனி எழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை மடித்துக் கட்டினார். மண்டியில் அவர் அப்படிக் கட்டினால் ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள். கனிஷ்கா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"ஏன் டீச்சர் இப்படிப் பண்ணீங்க?"

"நீங்க ஏன் அண்ணாச்சி தெரியுதுன்னு சொன்னீங்க?"

"நீங்க அந்தக் கத்து கத்துனா மனுஷன் வேற என்னத்தச் சொல்..."



அவர் மகளைப் பார்த்தார். மகள் கையிலிருந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். தனக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு சீப்பு நேந்திரத்தைப் பையில் வைத்தார். ஒரு காய் பழுத்துவிட்டது என்று சொல்லி அதை உரித்துத் தின்றுகொண்டே போனார்.

கொல்லையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

தவசிக்கனி மடித்துக் கட்டியதை இறக்கிவிட்டார். முக்காலியைத் தள்ளி மகளிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

கனிஷ்கா கண்ணை வைத்தாள். முழங்கால் பட்டு ஸ்டாண்ட் ஆடியது. அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயால் ஒரு கொட்டாவி விட்டு மூடிக்கொண்டார்.

அவள் குழாயை இங்கே நகர்த்தினாள், அங்கே நகர்த்தினாள். அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். மறுபடியும் நகர்த்தினாள்.

"அப்பா."

"ம்."

"ஒண்ணுமே தெரியலப்பா."

சொல்லிவிட்டு அசையாமல் இருந்தாள்.

தவசிக்கனி தரையில் கிடந்த முருங்கை இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அதில் கிள்ள மேற்கொண்டு ஒன்றுமில்லை என்றானதும் சொன்னார்:

"எனக்கும் ஒரு வெள்ளைப் புள்ளிதாம்மா தெரிஞ்சுது. எல்லா நாளும். வளையத்த நான் கண்டதே இல்ல."

கனிஷ்கா குழாயிலிருந்து கண்ணை எடுத்து முழுதாகத் திரும்பினாள்.

"அப்ப நீங்களும் புளுகுதானாப்பா?" என்று கேட்டாள், ரொம்ப சந்தோஷமாக, முக்காலியில் நகர்ந்து அவருக்குப் பாதி இடம் விட்டபடி.