பத்து வருஷ மாத்திரை

உலகம்மாள் மடத்துக்கு வந்தபோது கையில் இரண்டு ரிப்போர்ட் இருந்தது, மடியில் இரண்டு பொட்டலம் இருந்தது. ரிப்போர்ட் ஆஸ்பத்திரி கொடுத்தது. பொட்டலம் அவளே கட்டியது.

தென்காசிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் மங்களநாயகி அம்மாதான் குரு. உலகம்மாளைவிடப் பதினெட்டு வயது சிறியவர். தீட்சை வாங்கி ஒன்பது வருடமாகிறது. வயதை எண்ணிப் பார்க்க உலகம்மாளுக்கு நேரமில்லை. அம்மா சொன்னால் சரி.

“பூக்கட்டிக் கொண்டாந்திருக்கேம்மா. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்பு. நீங்க ஒண்ணை எடுங்க.”

“என்ன நினைச்சுக் கட்டினீங்க?”

உலகம்மாள் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

மார்பில் புற்றுக்கட்டி. முதலில் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்து, ஹார்மோன் ரிசப்டர் பாசிட்டிவ் என்று எழுதினார்கள். மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகை என்றார்கள். ஒரு மாதம் கழித்து, ஆபரேஷனில் எடுத்த முழுக் கட்டியைச் சோதித்து, நெகட்டிவ் என்று எழுதிவிட்டார்கள். நெகட்டிவ் என்றால் அந்த மாத்திரைக்கு வேலையில்லை.

“வெள்ளை வந்தா முதல் ரிப்போர்ட் நெசம். சிவப்பு வந்தா ரெண்டாவது.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“ஒரே கட்டியில ஒரு இடம் ஒரு மாதிரி, இன்னொரு இடம் வேற மாதிரி இருக்கலாமாம். சோதிக்கிற விதத்துலயும் மாறுமாம். எடுத்து வச்ச சதையை வேற லேபுக்கு அனுப்பி இன்னொருக்கப் பாக்கணும்னு சொல்லுதாரு. அதையும் பாத்துட்டுத்தான் வைத்தியமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டேன்.”

அம்மா திட்டவில்லை. பொட்டலங்களைத் தொடவுமில்லை.

“உங்க உடம்பு. நீங்களே எடுங்க.”

உலகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். நந்தியாவட்டை. வெள்ளை.

பல நாளாகச் சிரிக்காத முகம் சிரித்தது. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“போதுமா?” என்றார் அம்மா.

“போதும்மா.”

“அப்போ கிளம்புங்க.”

வாசல் வரை போனாள். ஒரு செருப்பை மாட்டிவிட்டு, மற்றதை மாட்டாமல் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

“இன்னொருக்க எடுத்துப் பாத்திரட்டா?”

பொட்டலத்தை மறுபடி கட்டி, குலுக்கி எடுத்தாள். இந்த முறை அரளி. சிவப்பு.

உலகம்மாளின் கை அப்போதே மூன்றாவது தடவைக்கு நீண்டது. அம்மா பொட்டலங்களின் மேல் தன் கையை வைத்தார்.

“பூவை மூணாவது தடவை கேட்கலாம். சதையை மூணாவது தடவை கேட்டா மட்டும் வேண்டாமா?”

“பூன்னா வெள்ளை வாரது வரைக்கும் எடுத்துக்கிட்டே இருக்கலாம்மா. அது அப்படியா?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அம்மா அழவிட்டார்.

“எனக்கு அந்த மாத்திரை வேணும்மா. பத்து வருஷம்கூடச் சாப்பிட வேண்டியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஐயோ, பத்து வருஷமான்னு வீட்ல எல்லாரும் மலைச்சுப் போனாக. எனக்கு மட்டும் வயிறு குளுந்துச்சு. பத்து வருஷம் சாப்பிடணும்னா, பத்து வருஷம் இருப்பேன்னுதானே?”

“டாக்டர் அப்படிச் சொன்னாரா?”

“அவர் சொல்லலை. நான் அப்படி எடுத்துக்கிட்டேன்.”

அம்மா பொட்டலங்களை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“ரெண்டாவது ரிப்போர்ட் வர்ற வரைக்கும், அந்த ஒரு மாசம் எப்படி இருந்தீங்க?”

உலகம்மாள் முந்தானையை விலக்கினாள். குரலே மாறிவிட்டது.

“அப்படி ஒரு மாசம் என் ஆயுசுல வந்ததில்லைம்மா. நார்த்தங்காய் வாங்கி மூணு ஜாடி உப்புல போட்டேன். பழசாகப் பழசாகத்தான் அதுக்கு ருசி. பத்து வருஷத்து நார்த்தங்காயை என் கையாலேயே எடுத்துப் பழைய சோத்துக்குத் தொட்டுக்கிடணும்னு ஆசை. ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில கிடந்த நாள் தவிர தெனமும் வெயில்ல வச்சு எடுத்தேன். கை தூக்க முடியாதப்போ ஜாடியைத் தூக்கி வைக்க மருமககிட்டச் சொல்லிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். அந்த மாசம் எனக்குத் திரும்ப வேணும்மா. வேற ஒண்ணும் கேக்கலை.”

“ஜாடி இப்போ எங்க?”

“ரெண்டாவது ரிப்போர்ட் வந்த அன்னைக்கு அடுக்களை மூலையில தள்ளுனேன். பதினாறு நாளாச்சு.”

“கெட்டுப்போச்சா?”

“தெரியலை. தெறந்து பாக்கப் பயமா இருக்கு.”

அம்மா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“எங்கம்மா கெளம்பிட்டீங்க?”

“உங்க வீட்டுக்கு. கெட்டிருந்தா கொட்டிட்டு ஜாடியைக் கழுவலாம். நல்லா இருந்தா வெயில்ல வைக்கலாம். திறக்காத ஜாடியை என்ன செய்யறது, உலகம்மா?”