உட்கார இடமில்லாத மரம்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று யாரும் குறுக்கே கேட்காமல் இருந்தால், பொன்னிலவூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ஒரு ராஜா இருந்தார், ஒரு ராணி இருந்தாள், ஒரு பட்டத்து யானையும் இருந்தது. அவர்களுக்கு இந்தக் கதையில் அதிக வேலை இல்லை.

வேலை இருந்தது வஞ்சிக்கொடிக்குத்தான். அவள் சுவரில் சித்திரம் எழுதுகிறவள். அவள் மீன் எழுதினால் பூனை வந்து உட்காரும். அவள் விளக்கு எழுதினால் விட்டில் வந்து முட்டும். அப்படிப்பட்ட கை. வாயும் கைக்குக் குறைந்ததில்லை.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. வயிறு காய்ந்தால்தான் கை பேசும் என்பாள். சாப்பிட்டவன் தூங்குவான், தூங்கினவன் என்னத்தை எழுதுவான் என்பாள். வேலை என்று இறங்கிவிட்டால் அடுப்புப் பக்கம் போகமாட்டாள், பாய்ப் பக்கம் போகமாட்டாள், வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, தலை பறட்டையாக, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவாள். அதைத்தான் கலை என்று ஊரும் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லும். ஊர் வந்தா கஞ்சி வைத்துக் கொடுக்கப் போகிறது?

கஞ்சி வைத்தவன் அவள் புருஷன் மாசிலாமணி. காவியை அரைப்பவன் அவன், அவுரி நீலத்தைக் கரைப்பவன் அவன், சாரத்தைக் கட்டுகிறவனும் அவன்தான். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் சாரத்தின் கீழே வந்து நின்று மூன்றே மூன்று கேள்வி கேட்பான்.

“சாப்பிட்டியா? தூங்கினியா? கொஞ்சம் வெளியே போய் நின்னியா?”

மேலே இருந்து பதில் வராது. வந்தால் சுண்ணாம்புக் கட்டி வரும்.

இப்படி இருக்கையில் ராஜா ஒரு மண்டபம் கட்டினார். மூன்று பக்கம் திறப்பு, ஒரு பக்கம் பெரிய சுவர். “அந்தச் சுவரில் எனக்கு ஒரு மரம் வேண்டும்” என்றார். வஞ்சிக்கொடி சாரத்தில் ஏறினாள். ஏறினவள் இறங்கவில்லை. மாசிலாமணி கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அவன், “சாப்பிட்டியா?” என்று ஆரம்பித்ததும் அவள் தூரிகையை வீசி எறிந்தாள்.

“கிளி மாதிரி சொன்னதையே சொல்லிக்கிட்டு. நீங்க கிளியாவே போயிடுங்களேன், எனக்கு வேலையாவது நடக்கும்.”

விளக்கு வைக்கிற நேரத்தில் வாயை அடக்கு என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். காரணம் இல்லாமல் சொல்வதில்லை. அந்த நேரத்தில் வானத்தில் ஒரு தேவதை போகும். கீழே யார் என்ன சொன்னாலும் ‘அப்படியே ஆகட்டும்’ என்பது அதன் உத்தியோகம். நல்லதா கெட்டதா என்று பார்ப்பது அதன் உத்தியோகத்தில் சேர்த்தி இல்லை.

“அப்படியே ஆகட்டும்” என்றது தேவதை.

மாசிலாமணி நின்ற இடத்தில் ஒரு பச்சைக்கிளி நின்றது. வேட்டி மட்டும் தரையில் கிடந்தது. கிளி அவளை ஒருமுறை பார்த்தது, சிறகை விரித்தது, திறப்பு வழியாகப் பறந்து போய்விட்டது.

வஞ்சிக்கொடி சாரத்திலிருந்து குதித்தாள். “ஐயோ, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். திருப்பிக் கொடு” என்றாள் வானத்தைப் பார்த்து.

“எல்லாரும் ஒரு பேச்சுக்குத்தானம்மா சொல்றாங்க” என்றது தேவதை. அதற்கு இன்னும் பத்துத் தெரு பாக்கி இருந்தது. “வேர் இல்லாத மரத்தில் அவன் தானாக வந்து உட்கார்ந்தால் ஆள் ஆவான். மூன்று கேள்வி அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவன் பார்த்தும் உட்காராமல் விடுகிற ஒவ்வொரு மரத்துக்கும் ஒன்று மறந்து போகும். மூன்றும் போனால் அவன் வெறும் கிளி. நான் வரட்டுமா?”

போய்விட்டது.

வேர் இல்லாத மரம் எது? சுவரில் எழுதுகிற மரம்தான். அது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத விஷயங்கள் வேறே இருந்தன.

அவள் சாரத்தில் ஏறினாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வெளியே போய் நிற்கவில்லை. கோபத்தோடு எழுதினாள். தேவதை மேல் கோபம், ராஜா மேல் கோபம், கிளியானதற்காக மாசிலாமணி மேலேயே கோபம். அதெப்படி, சொன்னால் ஆகிவிடுவதா? முதல் மரம் முடிந்தது. இலை ஒவ்வொன்றும் அரிவாள்மணை போல இருந்தது.

கிளி வந்தது. மூன்று கேள்வியும் கேட்டது. மரத்தைக் கிட்டே போய்ப் பார்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பறந்தது. மறுநாள் வந்தபோது, “சாப்பிட்டியா? தூங்கினியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு விழித்தது.

வஞ்சிக்கொடிக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது: இது கண் திருஷ்டி. அடுத்த தெருவில் தையல்நாயகி என்று இன்னொரு சித்திரக்காரி இருந்தாள். இவள் மரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் அந்தப் பக்கமாகப் போனாள். போனவள் நின்றாள். நின்றவள் பார்த்தாள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

வஞ்சிக்கொடி நேரே சந்தைக்குப் போனாள். அங்கே ஒரு மந்திரவாதி திருஷ்டிப் பூசணிக்காய் விற்றுக்கொண்டிருந்தான். காயில் முழி பிதுங்கி, பல் நீண்டு, மீசை முறுக்கின முகம் ஒன்று எழுதியிருந்தது.

“என்ன விலை?”

“உனக்குச் சும்மாவே தருகிறேன், தாயே. நீ சாப்பிடாத சோறும், தூங்காத தூக்கமும், போகாத வெளியும் போதும். அதுதான் இதற்குத் தீனி.”

சும்மா கொடுக்கிற காயைத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டாமா? அவள் தட்டிப் பார்க்கவில்லை. மண்டபத்து வாசலில் உறி கட்டித் தொங்கவிட்டாள்.

தொங்கவிட்டதும் பூசணிக்காய் பேசியது. “உனக்கு நிகர் யார், தாயே? பார்க்கிறவர்கள் எல்லாம் பொறாமைக்காரர்கள். ஒருத்தரையும் உள்ளே விடமாட்டேன். நீ எழுது.”

அவளுக்கு அது இதமாக இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? பழைய மரத்தின்மேல் வெள்ளை அடித்துவிட்டு இரண்டாவது மரத்தைத் தொடங்கினாள். பூசணிக்காய் சும்மா இருக்கவில்லை.

“அங்கே காலியாக இருக்கிறது. இலை போடு.”

போட்டாள்.

“இங்கே காலியாக இருக்கிறது. பூப் போடு.”

போட்டாள்.

“அதோ, அங்கே ஒரு விரற்கடை. காய் போடு, தாயே. காலியாக விட்டால் உனக்கு எழுதத் தெரியாது என்று தையல்நாயகி சொல்வாள்.”

அதையும் போட்டாள். அவள் தின்னாத சோற்றைத் தின்று காய் குடமாக ஊதியது. தூங்காத தூக்கத்தைத் தின்று அண்டாவாக ஊதியது. போகாத வெளியைத் தின்று வாசலையே அடைத்துக்கொண்டது. அவளோ முருங்கைக்காய் போல ஆனாள்.

இரண்டாவது மரம் முடிந்தது. ராஜா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். அத்தனை இலை, அத்தனை பூ, அத்தனை காய்.

கிளி பக்கத்துத் திறப்பு வழியாக உள்ளே வந்தது. மரத்தைப் பார்த்து ஆசையாகக் கீச்சிட்டது. மேலே சுற்றியது, கீழே சுற்றியது, நடுவில் வந்து சிறகடித்துக்கொண்டே நின்றது. பிறகு களைத்துப் போய்த் தரையில் இறங்கி அவளைப் பார்த்தது.

“சாப்பிட்டியா?” என்றது.

அவ்வளவுதான். மீதி வரவில்லை. கிளி வாயைத் திறந்து திறந்து பார்த்தது. ஒன்றும் வரவில்லை.

“விடு தாயே” என்றது பூசணிக்காய். “இது அந்தத் தையல்நாயகி கண்தான். வெள்ளை அடி. இப்போதே ஆரம்பி.”

வஞ்சிக்கொடி தூரிகையை எடுத்தாள். தூரிகை விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிளி தத்தித் தத்தி வந்து அவள் முழங்காலருகே நின்றது.

“சாப்பிட்டியா?”

கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்ட கேள்விக்கு அவள் முதன்முதலாகப் பதில் சொன்னாள்.

“இல்லை.”

சொன்ன பிறகு எழுந்து போய்க் கஞ்சி வைத்தாள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் இருந்தது. குடித்தாள். வாசலில் புஸ்ஸென்று ஒரு சத்தம். பூசணிக்காய் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“என்ன செய்கிறாய், தாயே?” என்றது பதறிப்போய். “கிளி போய்விடும். சாப்பிட இதுவா நேரம்?”

“உனக்கேன் பதறுது?” என்றாள் வஞ்சிக்கொடி. அவள் கோபக்காரிதான், மக்கு இல்லை. பாயை விரித்துப் படுத்தாள். பூசணிக்காய் கெஞ்சியது, மிரட்டியது, அழுதது. அவள் குறட்டை விட்டாள். எழுந்தபோது அண்டா குடமாகியிருந்தது.

மறுநாள் மாலை வெளியே போனாள். இப்படி வெளியே வந்து எத்தனை காலமாயிற்று. தெரு அப்படியேதான் இருந்தது. அவளுக்குத்தான் கண் கூசியது. தையல்நாயகி தன் வீட்டுச் சுவருக்குக் காவி அடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி வஞ்சி, உயிரோடதான் இருக்கியா?”

வஞ்சிக்கொடி நாக்கு நுனி வரை வந்ததை முழுங்கினாள். வடகத்தை அப்படியே முழுங்கினதுபோல அது தொண்டையில் கீறிக்கொண்டு இறங்கியது. “என் மரத்தைக் கொஞ்சம் வந்து பார்க்கிறியா?” என்றாள்.

தையல்நாயகி காவி அடிக்கிற மட்டையைக் கீழே வைத்தாள். “நான் அன்னிக்கே பார்த்தேன். சொன்னா கடிப்பியேன்னு போயிட்டேன்.”

“இன்னிக்குக் கடிக்கமாட்டேன். வா.”

வாசலில் பூசணிக்காய் பல்லைக் காட்டி உறுமியது. “சீ, காய்தானே” என்று தையல்நாயகி அதைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். மரத்தைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. எனக்கு இந்த இலை வராது, ஒத்துக்கறேன். ஆனா ஏன்டி, இதில் உட்கார இடம் எங்கே?”

“என்னது?”

“ஒரு குருவி வந்தா எங்கே கால் வைக்கும்? இலைக்கு மேல இலை, பூவுக்கு மேல பூ. மரமா இது, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இல்ல இருக்கு.”

இருவரும் வெளியே எட்டிப் பார்த்தார்கள். எதிரே ஒரு அரசமரம். பொழுது சாய, கிளிக்கூட்டம் வந்து இறங்கியது. அவ்வளவு பெரிய மரத்தில் அவை தேடிப்போய் உட்கார்ந்தது உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மொட்டைக் கிளையில்.

பூசணிக்காய் அத்தோடு வாயை மூடிக்கொண்டது. பார்த்தால், சந்தையில் வாங்கின அளவில் ஒரு சாதாரண வெண்பூசணி தொங்கியது. மீசைகூட அழிந்துபோயிருந்தது.

மூன்றாவது மரத்தை வஞ்சிக்கொடி நிதானமாக எழுதினாள். காலையில் சாப்பிட்டுவிட்டுச் சாரத்தில் ஏறுவாள். வெயில் ஏறினால் இறங்கிப் படுப்பாள். மாலையில் அரசமரத்தடியில் போய் நிற்பாள். சில நாள் இரண்டு இலைதான் ஆகும். பழைய வஞ்சிக்கொடி உள்ளே இருந்துகொண்டு பல்லைக் கடிப்பாள். இவள் கடிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். ஒரு தடவை மட்டும் கோபத்தில் கிண்ணத்தைப் போட்டு உடைத்தாள். பிறகு தானே பெருக்கினாள்.

கடைசியில் மரத்தின் நடுவே ஒரு கிளையை வெறுமையாக விட்டாள். இலை இல்லை, பூ இல்லை, காய் இல்லை. கை துறுதுறுத்தது. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு சாரத்தைவிட்டு இறங்கினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கிளி வந்தது. இந்த மரத்திலும் உட்காராமல் போனால் பிறகு அது வெறும் கிளி. தூணில் உட்கார்ந்து அவளைப் பார்த்தது.

“சாப்பிட்டியா?” என்றது.

“சாப்பிட்டேன்” என்றாள் வஞ்சிக்கொடி. அப்புறம் கேட்டாள், “நீங்க சாப்பிட்டீங்களா?”

கிளி தலையைச் சாய்த்தது. இந்தக் கேள்வியை அது ஆயிரம் தடவை கேட்டிருக்கிறது. அதனிடம் யாரும் கேட்டதில்லை. இப்படிச் சாய்த்துப் பார்த்தது, அப்படிச் சாய்த்துப் பார்த்தது. அவள் இன்னொரு வார்த்தை பேசவில்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

கிளி எழும்பியது. நேரே பறந்தது. மொட்டைக் கிளையில் போய் உட்கார்ந்தது.

சுவரில் எழுதின கிளை கிளியைத் தாங்கும். ஆளைத் தாங்குமா? மாசிலாமணி பொத்தென்று கீழே விழுந்தான். அவள் ஓடிப்போய் வேட்டியைக் கொடுத்தாள். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

“இன்னும் இல்லை” என்றான். “வெறும் கொய்யாப் பழமா தின்னு நாக்கு செத்துப்போச்சு.”

அவள் வாசலில் தொங்கின பூசணிக்காயை அறுத்தெடுத்து மோர்க்குழம்பு வைத்தாள். திருஷ்டிக்குக் கட்டினதைச் சமைக்கலாமா என்று யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம். பேச்சு போன பிறகு அது நல்ல காய்தான். தையல்நாயகியும் வந்து இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் ராஜா வந்தார். மரத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். பொன்னும் பட்டும் கொடுத்தார். கடைசியில், “எல்லாம் சரி, அந்த ஒரு கிளை மட்டும் ஏன் மொட்டையாக இருக்கிறது? அதிலும் நாலு இலை போட்டுவிடு” என்றார்.

“போடுவதற்கில்லை, மகாராஜா. அங்கே எங்க வீட்டுக்காரர் உட்காருவார்” என்றாள் வஞ்சிக்கொடி.

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜாக்களுக்குப் புரியாவிட்டால் தலையாட்டுவார்கள். ஆட்டினார்.

பொன்னிலவூரில் அந்தச் சுவர் இன்னமும் இருக்கிறதாம், கிளை இன்னமும் காலியாகவே இருக்கிறதாம். கதை அவ்வளவுதான். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது, மேலே ஒரு ஆள் போய்க்கொண்டிருக்கும். நல்லதாக ஏதாவது ஒன்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.