ஆற்றில் நின்றவன் கண்ணீர்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் தினமும் பூஜை முடிந்ததும் அடிகள் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"பற்று குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்கு சாமி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். குருவின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டு வேறு என்னத்தைச் சொல்வது?

பரஞ்சோதி மட்டும் அந்தப் பதிலை நம்பவில்லை. கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு சீடராக வந்தவர் அவர். அடிகளைவிடப் பத்து வயது மூத்தவர். காவி கட்டினாலும் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா?

ஒருநாள் மத்தியானம் முகமெல்லாம் சிரிப்பாக அடிகளிடம் வந்தார்.

"சாமி, நிரூபிச்சுட்டேன். நம்ம தாண்டவனுக்குப் பற்று சுத்தமாப் போயிடுச்சு."

தாண்டவன் மடத்தில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் சீடன்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அவனோட அம்மா தவறிட்டாங்கன்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போனதா, காலையில அவன்கிட்ட சொன்னேன்."

அடிகள் நிமிர்ந்தார். "தவறிட்டாங்களா?"

"ஐயோ, இல்ல சாமி. நல்லா இருக்காங்க. சோதனைக்காகச் சொன்னேன். முன்கூட்டியே தெரிஞ்சா நடிப்பான் இல்லையா?"

அடிகள் எழுந்து நின்றுவிட்டார். பரஞ்சோதிக்கோ பேச்சு நிற்கவில்லை.

"உலையில இருந்த சோத்தை வடிச்சு வெச்சான். கைகூட நடுங்கல. சாவுச் சேதி கேட்டா தலை முழுகணுமே, நேரா ஆத்துக்குப் போனான். நான் கரையிலயே நின்னு கவனிச்சேன். முங்குறான், எழுந்திரிக்கிறான், மறுபடி முங்குறான். முகத்துல ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல சாமி!"

"ஆத்துல முங்கி எழுந்தவன் முகத்துல எது தண்ணி, எது கண்ணீர்னு எப்படிப் பார்த்தீங்க வாத்தியாரே?"

அடிகள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"இப்ப அவன் எங்க?"

"மலை ஏறிட்டு இருக்கான். அம்மா ஊருக்கு."

அது மலைமேல் ஒரு நாள் நடைதூரத்தில் உள்ள ஊர். பஸ் போகாது, செல்போனும் எடுக்காது.

"அப்ப இங்க நின்னு என்ன பேச்சு? ஓடிப்போய் உண்மையைச் சொல்லுங்க!"

"சாயங்காலம் வரைக்கும் விட்டுப் பார்க்கலாம்னு இருந்தேன். இப்பச் சொன்னா சோதனை பாதியில கெட்டுடும் சாமி."

அடிகள் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அப்படி அடித்துக்கொண்டு மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"கெட்டா கெடட்டும்யா! பெத்தவ செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தன் கொளுத்துற வெயில்ல மலை ஏறுறான். உங்களுக்குச் சோதனை கெட்டுடுமா? போங்கய்யா, போங்க!"

பரஞ்சோதி ஓடினார். வெகுநேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் தனியாகத் திரும்பி வந்தார்.

"சொல்லிட்டேன் சாமி. எல்லாம் சோதனை, அம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்லி மன்னிப்பும் கேட்டேன்."

"அப்புறம்?"

"நம்ப மாட்டேங்கறான். 'அழுவேனான்னு பார்த்தாச்சு, இப்பச் சிரிப்பேனான்னு பாக்கறீங்களா?'ன்னு கேட்டான். பதிலுக்குக்கூட நிக்காம ஏறிப் போயிட்டான்."

அடிகளின் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. சங்கடமாக இருந்தது அவருக்கு.

"திரும்ப ஏறுங்க" என்றார்.

"நான் சொன்னா நம்ப மாட்டானே சாமி?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். எட்டிப் பிடிச்சுக் கூட நடங்க. பெத்தவளை அவன் கண்ணால பாக்குற வரைக்கும் நடங்க."

பரஞ்சோதி வாசல்வரை போனார். கால் போனாலும் புத்தி போகவில்லை. திரும்பி நின்று தயங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. அவனுக்குப் பற்று போயிடுச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க வழியே இல்லையா?"

"இருக்கு. அம்மாவைப் பார்த்து அவன் மனசு ஆறினதும் அவனையே கேளுங்க. 'அது உங்களுக்கு எதுக்கு?'ன்னு அவன் சொன்னா, சரின்னு சொல்லிட்டு இறங்கி வந்துடுங்க."